45 புள்ளிகளும் நடுவிலேயே: கேனான் இஓஎஸ் 6டி மார்க் 2

இந்தக் கேமராவின் வ்யூஃபைண்டருக்குள் எட்டிப் பார்த்து, ஃபோகஸ் புள்ளிகள் அனைத்தையும் ஒருமுறை எரியவிட்டால் குறை அங்கேயே தெரிந்துவிடும். பெரிய, வெளிச்சமான ஃபுல் ஃபிரேம் (36 மி.மீ. அகலச் சென்சார்) காட்சி. அதன் நடுவே கூடத்தில் ஒற்றைத் தடுக்கு விரித்த மாதிரி 45 சின்னக் கட்டங்கள். சுற்றிலும் காலி இடம்.

2017 ஜூனில் கேனான் அறிவித்த கேமரா இது. 26.2 மெகாபிக்சல், நொடிக்கு 6.5 படம், பேட்டரியோடு 765 கிராம், பக்கவாட்டில் திறந்து திரும்பும் தொடுதிரை. கார்டுக்கு ஒரே துளைதான். ஷட்டர் வேகம் 1/4000 நொடிக்கு மேல் போகாது. 4கே வீடியோ கிடையாது. ஐஎஸ்ஓ 100இல் (குறைந்த ஒளியுணர்திறனில்) எடுத்த ரா ஃபைலில் (பதப்படுத்தாத கோப்பில்) நிழலை மூன்று ஸ்டாப் (எட்டு மடங்கு) வெளிச்சமாக்கினால் இரைச்சல், அதாவது பொடிப்பொடியான புள்ளிகள், எட்டிப் பார்க்கும். இவை பற்றியெல்லாம் போதுமான அளவு எழுதியாகிவிட்டது. செகண்ட் ஹேண்டில் முதல் ஃபுல் ஃபிரேம் தேடுகிறவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: நான் எடுக்கப்போகும் படத்தில் ஃபோகஸ் எங்கே விழ வேண்டும், இந்தப் புள்ளிகள் அங்கே எட்டுமா?

புள்ளிகள் நடுவில் குவிந்திருப்பதற்குக் காரணம் உண்டு. எஸ்எல்ஆர் கேமராவில், அதாவது லென்ஸ் வழி வரும் ஒளியைக் கண்ணாடியால் (மிரர்) வ்யூஃபைண்டருக்குத் திருப்பும் கேமராவில், ஆட்டோஃபோகஸ் சென்சார் கண்ணாடிப் பெட்டியின் அடியில் உட்கார்ந்திருக்கிறது. முதன்மைக் கண்ணாடியின் நடுப்பகுதி மட்டும் கொஞ்சம் ஒளியை ஊடுருவ விடும். அதன் பின்னால் உள்ள குட்டிக் கண்ணாடி அந்த ஒளியைக் கீழே திருப்பி அனுப்பும். குட்டிக் கண்ணாடியின் அளவைப் பொறுத்துத்தான் புள்ளிகள் பரவ முடியும். இந்த இடநெருக்கடி எல்லா எஸ்எல்ஆருக்கும் பொது. 6டி மார்க் 2 கூடுதலாக ஒரு சிக்கலில் மாட்டியிருக்கிறது. இதன் 45 புள்ளி அமைப்பு, 2016இல் வந்த 80டியில் இருந்ததை ஒத்தது. 80டியின் சென்சார் சுமார் 22.5 மி.மீ. அகலம். அந்தச் சட்டத்தில் தாராளமாகப் பரவித் தெரிந்த புள்ளிகள், 36 மி.மீ. அகலச் சட்டத்தில் வைத்ததும் நடுவில் ஒடுங்கிவிட்டன. தம்பிக்குத் தைத்த சட்டையை அண்ணன் போட்ட கதைதான்.

தரத்தில் குறை சொல்ல முடியாது. 45 புள்ளிகளும் கிராஸ் டைப். அதாவது செங்குத்துக் கோட்டையும் கிடைக்கோட்டையும் ஒரே புள்ளி பிடிக்கும். 2012இல் வந்த முதல் 6டியில் இருந்த 11 புள்ளிகளில் நடுப்புள்ளி மட்டும்தான் கிராஸ். மற்ற பத்தும் ஒரு திசைக் கோட்டை மட்டுமே பார்க்கும் என்பதால், மங்கலான மண்டபத்தில் ஓரப் புள்ளியை நம்பினால் லென்ஸ் முன்னும் பின்னும் அலைந்து நின்றுவிடும். மார்க் 2இல் ஓரப் புள்ளியும் நம்பகமானது. நடுப்புள்ளி -3 ஈவி வரை, அதாவது கண்ணுக்கே சரியாகத் தெரியாத நிலா வெளிச்சம் வரை, பிடிக்கும். எஃப்/2.8 (எஃப் எண் சிறியதானால் ஒளி நுழையும் துளை பெரிது) அல்லது அதைவிட அகலமான லென்ஸ் மாட்டினால் அதே நடுப்புள்ளி இரட்டை கிராஸாக வேலை செய்யும். லென்ஸைப் பொறுத்து சில புள்ளிகள் கிராஸ் தன்மையை இழக்கும் என்பதால், பழைய ஜூம் லென்ஸ் வைத்திருப்பவர்கள் கையேட்டில் அந்த லென்ஸ் எந்தப் பிரிவில் வருகிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

ஆகப் புள்ளி நல்ல புள்ளி. இருக்கும் இடம்தான் வில்லங்கம்.

படத்தில் அது என்ன செய்கிறது என்று பார்ப்போம். கேமராவைக் கிடைமட்டமாகப் பிடித்து ஒருவரின் மார்பளவுப் படம் எடுத்தால், கண்கள் பொதுவாக மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் வரும். இந்தக் கேமராவின் மேல் வரிசைப் புள்ளிகள் அந்தக் கோட்டைத் தொடவே சிரமப்படும். செங்குத்தாகப் பிடித்தால் நீளவாக்கில் கொஞ்சம் கூடுதலாக எட்டும். ஆனால் அரையளவு, முழு உருவப் படங்களில் கண் இன்னும் மேலே, சட்டத்தின் உச்சியிலிருந்து ஆறில் ஒரு பங்கு தூரத்தில், போய் நிற்கும். அங்கே புள்ளியே இல்லை. பரதநாட்டியக் கலைஞர் ஒரு கையை உயர்த்தி, மறு கையைப் பக்கவாட்டில் நீட்டி நிற்கும்போது சட்டத்தை நிரப்புவது கைகள். முகம் ஒரு மூலைக்குப் போய்விடும். புள்ளிக்குள் முகத்தை வைத்தால் விரல் நுனி வெட்டுப்படும். விரலைக் காப்பாற்றினால் ஃபோகஸ் இடுப்பு ஒட்டியாணத்தில் விழும்.

பலர் இதற்குத் தெரியாமலே பழகிவிடுகிறார்கள். புள்ளி இருக்கும் இடத்தில் முகத்தை வைத்து, தலைக்கு மேல் தேவையில்லாத வானத்தையோ மண்டபக் கூரையையோ விட்டு, காலை வெட்டி எடுத்த படங்கள் ஒரே ஆல்பத்தில் நூறு இருக்கும். கேமரா சொன்ன இடத்தில் ஆளை நிறுத்திய படங்கள் அவை. நடுவில் வைப்பதே தவறு என்று சொல்ல வரவில்லை. ராமேஸ்வரம் பிரகாரத்துத் தூண் வரிசைக்கு நடுதான் சரியான இடம். அதை முடிவு செய்ய வேண்டியது எடுப்பவர்.

உடனே வரும் பதில்: நடுப்புள்ளியில் ஃபோகஸ் பிடித்து, பொத்தானைப் பாதி அழுத்தியபடியே கேமராவைத் திருப்பிச் சட்டத்தை மாற்றிக்கொள்வது. ஃபோகஸ் ரீகம்போஸ். எப்போது இது சரிவரும், எப்போது காலை வாரும் என்பதைக் கணக்கே சொல்லிவிடும்.

கேமராவைத் திருப்பும்போது ஃபோகஸ் தளமும் (எல்லாம் கூர்மையாக விழும் கற்பனைப் பரப்பு) கூடவே திரும்புகிறது. கண் இருக்கும் தூரம் மாறவில்லை, ஆனால் தளம் கண்ணுக்குப் பின்னால் போய்விடுகிறது. காது கூர்மையாகவும் கண் மெத்தென்றும் வருவது இதனால்தான். பிழையின் அளவு: தூரத்தை, ஒன்றிலிருந்து திருப்பிய கோணத்தின் கொசைனைக் கழித்து வருவதால் பெருக்க வேண்டும். செங்குத்துச் சட்டத்தில் கண்ணை நடுவிலிருந்து 12 மி.மீ. மேலே கொண்டுபோவதாக வைத்துக்கொள்வோம். அதுதான் உச்சியிலிருந்து ஆறில் ஒரு பங்கு.

50 மி.மீ. லென்ஸ், 1.5 மீட்டர் தூரம், எஃப்/1.8. தலையிலிருந்து இடுப்பு வரை வரும் படம். டெப்த் ஆஃப் ஃபீல்டு (கூர்மையாகத் தெரியும் ஆழம்) முன்னும் பின்னும் ஏறக்குறைய 49 மி.மீ. திருப்பியதால் வரும் பிழை 41 மி.மீ. மயிரிழையில் தப்பித்த மாதிரி தோன்றும். ஆனால் அந்த 49 என்பது சிறிய அச்சுக்கான பழைய கணக்கு. 26 மெகாபிக்சல் படத்தை முழு அளவில் திறந்து பார்ப்பவருக்குப் பாதியைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படிப் பார்த்தால் கண் வெளியே போய்விட்டது.

இதே அளவு ஆள் வரும்படி 35 மி.மீ. லென்ஸோடு 1.05 மீட்டருக்கு நெருங்கினால் டெப்த் அதே 49தான். பிழை 57 மி.மீ. ஆகிறது. 85 மி.மீ. லென்ஸோடு 2.55 மீட்டருக்குத் தள்ளிப் போனால் டெப்த் மாறாது, பிழை 25 மி.மீ.க்கு இறங்கிவிடும். ஒரே சட்டம், ஒரே அபெர்ச்சர் (லென்ஸ் துளை அளவு). லென்ஸ் நீளமானால் திருப்ப வேண்டிய கோணம் குறைகிறது, அவ்வளவுதான். இந்தக் கேமராவோடு ஆட்களை எடுக்க ஒரே ஒரு பிரைம் (ஜூம் இல்லாத) லென்ஸ் வாங்குவதாக இருந்தால் 35ஐ விட 85 எஃப்/1.8 பொருத்தம் என்று சொல்வது இந்தக் கணக்கால்தான்.

லென்ஸ் மாற்ற முடியாதென்றால் இரண்டடி பின்னால் போகலாம். தூரம் இரண்டு மடங்கானால் பிழை இரண்டு மடங்கு, டெப்த் நான்கு மடங்கு. முழு உருவப் படத்துக்கு 50 மி.மீ.யோடு மூன்று மீட்டர் தள்ளி நிற்கும்போது ரீகம்போஸ் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வதற்கு அதுவே காரணம். திருப்பாமல் நகர்த்துவது இன்னொரு வழி. நடுப்புள்ளியில் கண்ணைப் பிடித்துவிட்டு, கேமராவைச் சாய்க்காமல் அப்படியே கீழே இறக்கினால் தளம் திரும்பாது, பிழையும் இல்லை. மேலே சொன்ன 1.5 மீட்டர் கணக்கில் ஏறக்குறைய 35 செ.மீ. இறக்க வேண்டியிருக்கும். முழங்காலை மடக்கினால் போதும். பார்க்கும் உயரம் மாறுவதால் முகத்தின் தோற்றமும் கொஞ்சம் மாறும் என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நடுப்புள்ளிக்குப் பதில் இருப்பதிலேயே ஓரப் புள்ளியைப் பயன்படுத்தி, மிச்ச தூரத்துக்கு மட்டும் திருப்பலாமே என்றால், செய்யலாம். ஆதாயம் எதிர்பார்த்த அளவு இருக்காது. ஓரப் புள்ளி நடுவிலிருந்து 7 மி.மீ. தள்ளி இருப்பதாகக் கொண்டால், போக வேண்டிய 12இல் பாதிக்கு மேல் தாண்டியாகிவிட்டது. ஆனால் பிழை 41இலிருந்து 27க்குத்தான் இறங்குகிறது. கொசைன் நடுவில் மெதுவாகவும் ஓரம் போகப் போக வேகமாகவும் சரிவதுதான் காரணம். அதாவது, பிழையின் பெரும்பங்கு அந்தக் கடைசிச் சில மில்லிமீட்டரில் இருக்கிறது. கேமராவில் புள்ளிகள் இல்லாத இடமும் அதுதான்.

ரீகம்போஸ் செய்பவர்கள் பொத்தான் அமைப்பை மாற்றிக்கொள்ள வேண்டும். ஷட்டர் பொத்தானில் ஃபோகஸை விட்டுவைத்தால் ஒவ்வொரு படத்துக்கும் புதிதாகப் பிடிக்கும். கஸ்டம் கன்ட்ரோல்ஸ் மெனுவில் ஷட்டர் பாதி அழுத்தத்துக்கு மீட்டரிங் (ஒளி அளத்தல்) மட்டும் என்று வைத்து, பின்பக்க ஏஎஃப்-ஆன் பொத்தானுக்கு மீட்டரிங்கும் ஃபோகஸும் சேர்த்துக் கொடுக்கலாம். கட்டை விரலால் ஒருமுறை அழுத்திவிட்டு எடுத்தால், ஆளோ நீங்களோ நகராதவரை பத்துப் படமானாலும் ஃபோகஸ் அசையாது. ஏஐ சர்வோவில் (நகரும் ஆளைத் தொடர்ந்து பிடிக்கும் முறை) கட்டை விரலை எடுக்காமல் ரீகம்போஸ் செய்தால், புள்ளிக்கு அடியில் வந்த பின்னணியைக் கேமரா மகிழ்ச்சியோடு பிடித்துக்கொள்ளும். கல்யாண வீடியோகிராஃபர் நடுவில் குறுக்கே வந்தாலும் அவர் முதுகு தெளிவாகக் கிடைக்கும்.

அதே மெனுவில் இன்னொன்று. மல்டி கன்ட்ரோலரை அழுத்தியதும் நேரடியாகப் புள்ளி நகரும்படி மாற்றலாம். வாங்கியபடியே இருந்தால் முதலில் ஒரு பொத்தான், பிறகு திசை என்று இரண்டு வேலை. தாலி கட்டும் நேரத்தில் அந்த ஒரு அழுத்தம் பெரிய தாமதம். தனி ஜாய்ஸ்டிக் இல்லை. பின்சக்கரத்துக்குள் இருக்கும் எட்டுத் திசைப் பட்டைதான். கையுறை போட்ட விரலுக்கும் வியர்த்த விரலுக்கும் அது வழுக்கும். புள்ளித் தேர்வு நிலையில் நடு செட் பொத்தானை அழுத்தினால் புள்ளி மையத்துக்குத் தாவிவிடும். கேமராவைக் கிடையாகப் பிடிக்கும்போது ஒரு புள்ளி, நிமிர்த்திப் பிடிக்கும்போது வேறு புள்ளி என்று நினைவில் வைத்துக்கொள்ளும் வசதியும் கஸ்டம் ஃபங்ஷனில் உண்டு. இதைப் போட்டுவைப்பது ஒரு நிமிட வேலை.

45 புள்ளியையும் கேமராவின் விருப்பத்துக்கு விடும் தானியங்கி முறை, 7,560 பிக்சல் மீட்டரிங் சென்சாரின் உதவியோடு தோல் நிறத்தைத் தேடும். பரவாயில்லை ரகம். எஃப்/4க்கு மேல் மூடி, ஓடும் குழந்தையை எடுக்கலாம். எஃப்/1.8இல் இதை நம்பினால் இமையைப் பிடிக்குமா மூக்கைப் பிடிக்குமா என்பது அதிர்ஷ்டம்.

இவ்வளவு சொன்ன பிறகு, இந்தக் கேமராவின் நல்ல முகம். கண்ணாடியைத் தூக்கி லைவ் வியூவுக்கு (பின்திரையில் பார்த்து எடுக்கும் முறை) போனால் இது வேறு கேமரா. படச் சென்சாரிலேயே உள்ள டூயல் பிக்சல் ஆட்டோஃபோகஸ், அகலத்தில் 80 சதவீதமும் உயரத்தில் 80 சதவீதமும் எட்டும். ஓரத்தில் நாலு பக்கமும் பத்துப் பத்து சதவீதம் மட்டும்தான் விடுபடுகிறது. நியாயமான எந்தச் சட்டத்திலும் கண் அதற்குள் வந்துவிடும். திரையைத் திருப்பி, லைவ் 1-பாயிண்ட் முறையில், வேண்டிய கண்ணைத் தொட்டால் முடிந்தது. முக்காலியில் நிறுத்திய கேமரா என்றால் பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம். முகத்தைத் தேடும் முறையும் இருக்கிறது. கண்ணைத் தனியாகக் கண்டுபிடிக்கும் திறன் இல்லை. தலை திரும்பியிருந்தால் பக்கத்துக் கண்ணை நீங்கள்தான் தொட வேண்டும்.

இதற்குக் கொடுக்கும் விலை என்ன? உச்சி வெயிலில் திரை தெரியாது. கையை நீட்டிப் பிடிப்பதால் அசைவு கூடும். 85 மி.மீ.க்கு 1/125இல் எடுப்பவர் 1/250க்காவது போக வேண்டும். வ்யூஃபைண்டரில் 1,200 படம் என்று கணக்கிடப்பட்ட பேட்டரி, லைவ் வியூவில் 380க்கு விழுந்துவிடும். பழைய மோட்டார் லென்ஸ்கள் சத்தத்தோடு தயங்கித் தயங்கி நகரும். 50 எஃப்/1.8 எஸ்டிஎம் (ஸ்டெப்பிங் மோட்டார்) போன்றவை சிரமமில்லாமல் ஓடும். பொறுமையாக நிற்கும் ஆளுக்கும், உணவுப் படத்துக்கும், கோயில் சிற்பத்துக்கும் லைவ் வியூ. ஓடுவதற்கும் பறப்பதற்கும் வ்யூஃபைண்டர். இப்படிப் பிரித்துக்கொண்டால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

பறவைக்காரர்களுக்கு இந்தக் குவியல் பெரிய தொல்லை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 400 மி.மீ.இல் பறக்கும் நாரையை நடுவில் வைத்திருப்பதே பெரும்பாடு. அடர்த்தியாக அடுக்கிய கிராஸ் புள்ளிகள் அங்கே உதவவே செய்யும். பறவைக்கு முன்னால் விட வேண்டிய இடத்தை வீட்டுக்கு வந்து கத்தரித்து உண்டாக்கிக்கொள்ளலாம்.

கத்தரிப்பது இழிவான வேலை என்ற எண்ணம் சிலருக்கு உண்டு. இந்தக் கேமராவில் அது ஓர் உத்தி. முழுப் படம் 6240க்கு 4160 பிக்சல். நடுப்புள்ளியில் பிடித்த கண்ணை மூன்றில் ஒரு பங்குக் கோடுகள் சந்திக்கும் இடத்துக்குக் கொண்டுவர, இரு பக்கமும் முக்கால் அளவாக வெட்ட வேண்டும். கையில் மிஞ்சுவது 4680க்கு 3120, அதாவது 14.6 மெகாபிக்சல். 300 டிபிஐயில் 15க்கு 10 அங்குல அச்சு தாராளமாக வரும். ஏற்கெனவே சற்றுத் தள்ளிய புள்ளியில், ஓரத்திலிருந்து 40 சதவீதத் தூரத்தில், பிடித்திருந்தால் பத்து சதவீதம் மட்டும் வெட்டினால் போதும். 21 மெகாபிக்சல் மிஞ்சும். எடுக்கும்போதே ஓரடி கூடுதலாகப் பின்னால் நின்று, வெட்டப்போகும் பக்கத்தில் இடம் விட்டு எடுக்க வேண்டும். கல்யாணக் கூட்டத்தில் ரீகம்போஸை விட இது பாதுகாப்பானது. வ்யூஃபைண்டர் காட்டுவது 98 சதவீதம் மட்டுமே என்பதால் ஓரத்தில் யாருடைய முழங்கையாவது ஒட்டிக்கொண்டு வருவதும் இதே வெட்டில் போய்விடும்.

கண்ணாடி வழியாகப் பிடிக்கும் ஃபோகஸும் சென்சாரில் விழும் படமும் வெவ்வேறு பாதை என்பதால் மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் தேவைப்படலாம். லென்ஸுக்கு லென்ஸ் கூட்டல் கழித்தல் 20 வரை திருத்தலாம். ஜூம் லென்ஸுக்கு இரு முனைக்கும் தனித்தனி எண். குவியத் தூரத்தின் 50 மடங்கு தள்ளி (50 மி.மீ.க்கு 2.5 மீட்டர்) தட்டையான அச்சுத் தாளை நேர் எதிரே ஒட்டி, முக்காலியில், அபெர்ச்சரை முழுக்கத் திறந்து, ஒருமுறை வ்யூஃபைண்டரிலும் ஒருமுறை லைவ் வியூவிலும் எடுத்து ஒப்பிட வேண்டும். லைவ் வியூ படம் கூர்மையாகவும் மற்றது மங்கலாகவும் இருந்தால் திருத்தம் தேவை. ஒருமுறை பார்த்து முடிவு கட்டாமல், ஒவ்வொரு தடவையும் லென்ஸை முடிவிலிக்குத் திருப்பிவிட்டு ஐந்தாறு முறை எடுக்க வேண்டும். இங்கே ஒரு பொறி: திருத்தம் லென்ஸுக்குத்தான், புள்ளிக்கு இல்லை. நடுப்புள்ளியில் சரிசெய்த எண் ஓரப் புள்ளிக்கும் பொருந்தும் என்று உத்தரவாதம் கிடையாது.

இதே காசுக்கு வேறு என்ன என்று கேட்பவர்களுக்கு: கேனானின் 5டி மார்க் 4இல் 61 புள்ளிகள், பரப்பும் கூடுதல். உடம்பும் விலையும் ஒரு படி மேலே. நிக்கான் டி750இல் 51 புள்ளிகள் உண்டு, கிராஸ் டைப் 15 மட்டும், அவையும் நடுவில்தான். உண்மையான போட்டி 2019இல் வந்த இஓஎஸ் ஆர்பி. அதே 26.2 மெகாபிக்சல், கண்ணாடி இல்லாத உடம்பு. ஃபோகஸ் பரப்பு பொருத்தமான லென்ஸோடு அகலத்தில் 88 சதவீதம், உயரத்தில் முழுதும். கண்ணையும் தேடிப் பிடிக்கும். அடாப்டர் போட்டால் பழைய இஎஃப் (கேனான் எஸ்எல்ஆருக்கான) லென்ஸ்கள் எல்லாம் வேலை செய்யும். சின்ன பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பது அதன் பக்கத்துக் குறை. எஃப்/1.4, எஃப்/1.8 லென்ஸோடு முகங்களை மட்டுமே எடுப்பவர் ஆர்பி பக்கம் போகலாம். நாள் முழுக்கக் கல்யாணம், கையில் இரண்டே பேட்டரி, வ்யூஃபைண்டரை விட்டுக் கண்ணை எடுக்க விருப்பமில்லை என்பவருக்கு 6டி மார்க் 2 இன்னும் நல்ல வேலைக்காரன்.

செகண்ட் ஹேண்டில் பார்க்கப் போகும்போது ஷட்டர் எண்ணிக்கையை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டாம். எஃப்/1.8 லென்ஸ் ஒன்றைக் கையோடு கொண்டுபோய், கடைச் சுவரில் எழுத்துள்ள ஒரு காலண்டரை நேர் எதிரே வைத்து, ஒன் ஷாட்டில் (ஒருமுறை ஃபோகஸ் பிடித்து நிறுத்தும் முறை) இடது ஓரப் புள்ளியிலும், நடுவிலும், வலது ஓரப் புள்ளியிலும் மூன்று மூன்று படம் எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் புள்ளிக்கு அடியில் வந்த எழுத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். மூன்றும் ஒரே அளவு விலகினால் மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட்டில் சரியாகிவிடும். இடது சரி, வலது மட்டும் மங்கல் என்று வந்தால் லென்ஸைக் கழற்றி வேறொன்றை மாட்டிப் பார்க்கலாம். அப்போதும் அதே பக்கம் மங்கினால் உள்ளே அந்தக் குட்டிக் கண்ணாடியோ ஃபோகஸ் சென்சாரோ சாய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். எந்த மெனுவாலும் அதைச் சரிசெய்ய முடியாது. அந்தக் கேமராவை மேசையிலேயே வைத்துவிட்டு வந்துவிடலாம்.